அடிபம்பும் வரைபலகையும்

(பி.எஸ்.சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

பொறியாளர் என்றதும் நம் கண்முன் தோன்றுபவை அணையும் பாலமும்தாம். தண்ணீர்த் துறையில் பம்பையும் வால்வையும் வடிவமைக்கும் இயந்திரப் பொறியாளரை எவரும் நினைப்பதில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் தோள்வலியையும் காலை நேரத்தையும் தீர்மானித்தவர் அவரே. அவரை எங்கள் பெண்கள் அறியார். எங்கள் பெண்களை அவர் அறிவாரா? இதுவே என் கேள்வி.

எங்கள் தெருமுனை அடிபம்பு 'இந்தியா மார்க் 2' வகையைச் சேர்ந்தது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். அதற்கு முன் கிராமங்களில் போடப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் மேலைநாட்டில் ஒரு குடும்பத்திற்கென அமைந்தவற்றைப் பின்பற்றியவை. ஊரே அடித்தால் அவை தாங்குமா? எனவே சோலாப்பூரில் உருவான பம்பை அடிப்படையாகக் கொண்டு, 1970களில் யுனிசெப் துணையுடன் இப்புதிய பம்பு உருவாக்கப்பட்டது. சென்னையிலிருந்த பொதுத்துறைத் தொழிற்சாலையொன்று அதைத் தயாரித்தது. காற்றழுத்தத்தை நம்பி உறிஞ்சினால் நீர் 10 மீட்டருக்கு மேல் ஏறாது என்பது நாம் பாடத்தில் படித்ததே. ஆகவே பிஸ்டனை ஆழத்து நீருக்குள்ளேயே இறக்கி, நெம்புகோலும் சங்கிலியும் கொண்டு இயக்கினார்கள். நல்ல அறிவுதான்!

ஆயினும் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அந்தப் பம்பு நின்றது. பழுது பார்க்க ஆளும் வண்டியும் வந்து சேர 22 நாள்கள் ஆயின. அம்மா தொலைவிலிருந்த தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார். வேலைக்குப் பிந்திப் போனதால் பாதிக் கூலியை இழந்தார். நானும் இரண்டாவது குடத்தோடு பின்னால் நடந்து, முதல் பாடவேளையை இழந்தேன். கடைசியில் வந்தவர்கள் 10 குழாய்களையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்றினார்கள். தேய்ந்திருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாசர்! "இந்தத் துண்டுக்கா இத்தனை நாளு, கண்ணு?" என்றார் அம்மா.

அம்மாவின் கேள்வி வடிவமைப்பாளரை நோக்கிய கேள்வி அன்றோ? அதே கேள்வியை முன்பே சிலர் கேட்டிருக்கிறார்கள். 1980களில் கோவை வட்டாரக் கிராமங்களில் நடந்த கள ஆய்வின் பயனாக 'மார்க் 3' உருவாயிற்று. 32 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 65 மில்லிமீட்டர் குழாய் வைத்தார்கள். குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே எடுத்து வாசரை மாற்றலாம். குழாயின் எடையும் விலையும் கூடின என்பது உண்மை. ஆனால் யாருடைய செலவைக் குறைப்பது என்பதும் வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவுதானே? குழாயின் விலை கணக்கில் வருகிறது. அம்மா இழந்த கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே என்று சிலர் கூறலாம். மின்மோட்டார் எரிந்துபோன நாளில் எங்கள் தெரு மீண்டும் அடிபம்பைத்தான் தேடுகிறது. மேலும், மோட்டாருக்கும் வால்வுக்கும் இதே நியாயம் பொருந்தும். கை நுழையாத குழிக்குள் வால்வை வைப்பவர் ஊரையே காக்க வைக்கிறார்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான். வரைபடத்தில் கையொப்பமிடும் மூத்த பொறியாளர், முதலில் ஒரு குடம் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியைத் தம் கையாலேயே ஒருமுறை பிரித்து மாட்ட வேண்டும். தண்ணீர் சுமப்பவரையும் பழுது பார்ப்பவரையும் கலந்த பிறகே பேனாவைத் திறக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். மேல்நிலையில் கணிதம் பயின்ற அறிவியல் பட்டதாரிகள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர நம் மாநிலத்தில் வழியுண்டு. அவ்வழியே செல்ல எண்ணியுள்ளேன். தோழர்களே, தோழியரே, குடம் சுமந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அந்த வரைபலகையின் முன் நாமும் அமர வேண்டாமா?