பவர் படும் பாடு

'பவர்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் குமரி மாவட்டத்தில் படும் பாட்டைக் கேளுங்கள். விளக்கு அணைந்தால் 'பவர் போயிற்று'. தாத்தாவுக்குக் கண் மங்கினால் 'கண்ணாடியில் பவர் கூடிற்று'. மாத்திரை கடுமையாக இருந்தால் அதுவும் பவர்தான். பேச்சில் இதனால் கெடுதல் இல்லை, கணக்கில்தான் கெடுதல்.

முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர், 'ஒரு நாளைக்கு இத்தனை மெகாவாட் மின்சாரம் கிடைத்தது' என்கிறார்கள். என் வகுப்பு மாணவர்களும் தேர்வில் அப்படியே எழுதுகிறார்கள். மெகாவாட் என்பது பவரின் அளவு. ஆற்றல் எவ்வளவு விரைவாக வெளிப்படுகிறது என்பதை அது சொல்லும். விரைவுக்கு 'ஒரு நாளைக்கு' என்பது ஒட்டாது.

நாஞ்சில் நாட்டு விவசாயி இத்தவற்றைச் செய்யமாட்டார். பேச்சிப்பாறை அணையில் விநாடிக்கு 500 கன அடி திறந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். 'எத்தனை நாளைக்கு?' என்று உடனே கேட்பார். ஒரு நாள் முழுதும் விட்டால் 4 கோடியே 32 இலட்சம் கன அடி நீர் கிடைக்கும். முன்னது பவரைப் போன்றது. பின்னது ஆற்றலைப் போன்றது. கோதையாற்றின் முதல் மின்நிலையம் 60 மெகாவாட் கொண்டது. முழு அளவில் ஒரு மணி நேரம் ஓடினால் 60,000 யூனிட். பத்தே நிமிடம் ஓடினால் 10,000 யூனிட். இரண்டு வேளையிலும் பவர் என்னவோ அதே 60 மெகாவாட்தான். வீட்டு மீட்டரும் யூனிட்டைத்தான், அதாவது ஆற்றலைத்தான் எண்ணுகிறது.

காற்றாலையில் இக்குழப்பம் இன்னும் ஏமாற்றும். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆடிக் காற்றில் சுழன்றடிக்கும் இறக்கைகள் ஐப்பசியில் சோம்பி நிற்பதை ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறவர்கள் பார்க்கலாம். ஆகவே மெகாவாட்டை மட்டும் கூட்டிப் பார்த்து ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று சொல்லிவிட முடியாது.

'தமிழில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார் என் நண்பர். எனக்கு ஐயந்தான். பவருக்குத் 'திறன்', எனர்ஜிக்கு 'ஆற்றல்' என்று நல்ல சொற்கள் உள்ளன. இலங்கைப் பள்ளிகளில் 'வலு', 'சக்தி' என்கிறார்கள். ஆனால் கண்ணாடியின் பவரையும் நாம் 'லென்சின் திறன்' என்றே பெயர்த்துவிட்டோமே! அது குவியத் தூரத்தின் தலைகீழ் அல்லவா? குவியத் தூரம் 50 செ.மீ. என்றால் 2 டயாப்டர். அதில் வாட்டும் இல்லை, விநாடியும் இல்லை. சொல்லோடு ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தோம்.

ஆகையால் விடைத்தாளில் நான் சொல்லைப் பார்ப்பதில்லை; எண்ணுக்குப் பக்கத்தில் வாட்டா, யூனிட்டா என்றுதான் பார்க்கிறேன். சென்ற தேர்வில் ஒரு மாணவன் 'மணிக்கு 60 மெகாவாட்' என்று எழுதியிருந்தான். பாதி மதிப்பெண் போட்டேன். போட்டிருக்கக் கூடாதோ என்று இன்னும் யோசிக்கிறேன்.