சாவி யார் கையில்?

வெளிமாநிலங்களில் ஊழியம் பார்க்கும் நம்மவர் பலருக்கும் ஓர் அவா உண்டு. நாக்பூரில் இருந்தாலும் ஜாம்ஷெட்பூரில் இருந்தாலும், ஓய்வு பெறுமுன் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்பதே அது. அதற்காக விலை, வில்லங்கம், மூலப் பத்திரம் ஆகியவை பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் முன்பணம் கொடுத்த நாளுக்கும் கிரயப் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் இடையில் அந்த வீடு பூட்டிக் கிடக்குமே, அதனைக் கவனிப்பவர் யார் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. இம்மாதம் அதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

இடைக்காலம் சொற்பந்தானே என்று எண்ணலாகாது. வங்கிக் கடன் மஞ்சூராக வேண்டும்; வாரிசுகளில் ஒருவர் பெங்களூரிலும் மற்றொருவர் துபாயிலும் இருப்பின் அவர்கள் ஒப்பம் வந்து சேர வேண்டும்; நமக்கும் விடுமுறை கிடைக்க வேண்டும். ஆவணியில் நல்ல நாள் பார்த்து ஒப்பந்தம் எழுதுகிறோம். காகிதங்கள் கூடிவர ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடுகிறது. மார்கழியில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்ல, தையில் பதிவு நடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் முழுவதும், ஆளில்லாத வீடு அப்படியே நனைந்து நிற்கிறது.

நாம் பார்சல் ஆபீசில் பேனா பிடிப்பவர். ஒரு மூட்டையை ஒப்படைத்து ரசீது பெற்றதும் அதன் பொறுப்பு ரயில்வேயைச் சேர்ந்துவிடும். வழியில் நேரும் சேதத்துக்கு, சில விலக்குகள் நீங்கலாக, 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ரயில்வேயையே பொறுப்பாக்குகிறது. சரக்கு போய்ச் சேர்ந்த பின்னரும் ஏழு நாள் வரை காவற் பொறுப்பு உண்டு. ஆக, அந்த மூட்டைக்கு எந்தக் கணத்திலும் ஒரு பொறுப்பாளி இருக்கிறார். நம் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் முடங்கிய வீட்டுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா?

சட்டப்படி இருக்கிறார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளது. கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை எதனையும் உண்டாக்காது என்கிறது 54ஆம் பிரிவு. ஒப்பந்த நாள் முதல் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை, விவேகமுள்ள ஒரு சொந்தக்காரர் தம் சொத்தை எவ்வாறு பேணுவாரோ அவ்வாறே வீட்டையும் மூலப் பத்திரங்களையும் பேணுவது விற்பவரின் கடமை என்கிறது 55ஆம் பிரிவு. கிரய நாள் வரையிலான வரிகளும் அவரையே சேரும். உரிமை கைமாறிய பின்னர் நேரும் நஷ்டம், விற்பவரால் விளைந்ததாக இல்லாதவரை, வாங்கியவரைச் சேரும். இவை யாவும் இரு தரப்பாரும் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதபோது செல்லும் விதிகள்.

ஆனால் சட்டம் மாடியேறிக் குப்பையை அள்ளாது. நம் அன்பர் ஒருவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய மாடி வீட்டுக்கு ஒப்பந்தம் செய்தார். விற்ற அம்மையார் கணவரை இழந்தவர்; வெளியூரில் மகள் வீட்டில் இருப்பவர். “நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று நல்ல மனத்தோடு சாவியை அன்பரின் மைத்துனரிடம் கொடுத்துவிட்டார். ஐப்பசி அடைமழையில் வேப்பிலைச் சருகு மொட்டை மாடியின் வடிகுழாயை அடைத்தது. நாட்கணக்கில் நீர் தேங்கி, உள்ளறைக் கூரையின் காரை பெயர்ந்து விழுந்தது. “வீடு இன்னும் உங்களுடையதுதானே?” என்றார் அன்பர். “சாவி உங்களிடம்தானே இருந்தது?” என்றார் அம்மையார். இருவர் சொன்னதும் உண்மை. ஒப்பந்தம் முறியும் நிலை வந்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் செலவைச் சரிபாதியாக்கித் தீர்த்துவைத்தார். தையில் பதிவும் நடந்தது. ஆயினும் அன்று காலை அலுவலகத்தில் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஓர் ஆளின் அரைநாட் கூலியில் தடுத்திருக்கக்கூடிய மனத்தாங்கல் அது.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே நான்கு வரிகள் கூடுதலாக எழுதிக்கொள்ளுதல் நலம். சாவி யாரிடம் இருக்கும், எதற்காக இருக்கும். வாரம் ஒருமுறை வீட்டைத் திறந்து பார்ப்பவர் யார். சில்லறைப் பராமரிப்புச் செலவு யாருடையது, எவ்வளவு வரை. மழையாலோ தீயாலோ பெருஞ்சேதம் நேர்ந்தால் விலை குறையுமா, முன்பணம் திரும்புமா. இவற்றை வழக்கறிஞரைக் கொண்டு எழுதுவித்து, அன்றைய நிலையில் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் பிடித்து இருவரும் வைத்துக்கொண்டால், பின்னர் ஞாபகத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் காப்பீடு இருப்பின், ஆளில்லாத வீட்டைப் பற்றி அதில் என்ன நிபந்தனை உள்ளது என்பதையும் வாசித்தறிய வேண்டும்.

இனிப் பராமரிப்பு. மழைக்கு முன் மாடியைப் பெருக்கி வடிகுழாய்களைச் சோதிக்க வேண்டும். ஓட்டு வீடாயின் நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இளையதாக இருக்கும்போதே வேரோடு களைய வேண்டும். கதவு நிலைகளில் கறையானின் மண்கோடு தெரிகிறதா என்று நோக்க வேண்டும். மேல்தொட்டி, வாளி, பூந்தொட்டி எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் நீர் தேங்க விடலாகாது. டெங்குக் கொசு வளர அவ்வளவு அவகாசம் போதும். கழிப்பறையில் வாரம் ஒரு வாளி நீர் ஊற்றாவிடில் அடைப்பு நீர் வற்றித் துர்நாற்றமும் கரப்பானும் மேலேறும். கிணற்று மோட்டாரைச் சில நிமிடமேனும் ஓட்டிவைத்தால் இறுகாமல் இருக்கும். மின்கட்டணம் பாக்கியாகி இணைப்பு துண்டிக்கப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டிய வீட்டிலும் வெள்ளிதோறும் விளக்கேற்றச் சொன்ன நம் பாட்டிமார், வாரம் ஒருமுறை கதவு திறந்து காற்று புக வழி செய்தார்கள் என்றும் கொள்ளலாம்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. ‘நம் வீடுதானே ஆகப்போகிறது’ என்று தரையைப் பெயர்ப்பதும், சுவரை இடிப்பதும், புதுக் கதவு போடுவதும் பதிவுக்கு முன் வேண்டா. ஒப்பந்தம் நின்றுபோனால் பிறர் வீட்டில் போட்ட பணத்துக்கு நாம் அலைய நேரும். காவலுக்கென்று ஒருவரை எழுத்து மூலமான ஏற்பாடின்றி உள்ளே குடிவைப்பதும் தகாது. இன்று உபகாரமாக வந்தவர் பதிவன்று வெளியேற மறுத்தால், பூட்டு மட்டுமே இருந்த இடத்தில் ஒரு வழக்கு இருக்கும். அவசியமான பழுதாயின் விற்பவருக்குத் தெரிவித்து, அவர் இசைவை எழுத்தில் பெற்றே செய்தல் வேண்டும்.

விற்பவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே ஊரை விட்டுப் போனவர்தாம். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அது பாழாக வேண்டுமென்று நினைப்பவரல்லர். தொலைவே அவரைத் தடுக்கிறது. நாமும் தொலைவில் இருப்பவர்கள். ஆதலின் ஊரில் உள்ள நம்பகமான ஒருவருக்கு உரிய கூலி பேசி, செலவை இருவரும் பகிர்ந்துகொண்டு, வாரந்தோறும் படமும் செய்தியும் இரு குடும்பத்துக்கும் வாட்ஸப்பில் அனுப்பச் செய்வதே சிறந்த ஏற்பாடு. இந்த ஆவணியில் ஒப்பந்தம் எழுதப் போகும் அன்பர்கள், விலையைப் பேசி முடித்த அதே அமர்விலேயே சாவியைப் பற்றியும் பேசி முடிப்பார்களாக.