அந்தக் கண்மங்கல் கண்ணின் நோயல்ல

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். வன்னியின் உட்கிராமம் ஒன்றில் காலபோக அரிவுவெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எட்டு மாதக் கர்ப்பிணியான இளம்பெண் ஒருவர், "மாமி, கண்ணுக்குள்ள மின்மினி பறக்கிற மாதிரிக் கிடக்கு, தலையும் இடிக்குது" என்று சொல்லியிருக்கிறார். "பிள்ளைத்தாச்சிக்கு உதெல்லாம் இருக்கிறதுதான் பிள்ளை, வெயிலுக்க போகாமல் படு" என்று மாமியார் ஆறுதல் சொன்னார். அறுவடை முடிந்ததும் நகரத்துக்குக் கூட்டிச்சென்று கண்ணாடி எடுத்துத் தருவதாகக் கணவர் சொன்னார். இருவரும் அவர்மீது அன்பில்லாதவர்கள் அல்லர். மூன்றாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. மங்கிய பார்வை சில வாரங்களில் திரும்பியது. கண்ணாடி தேவைப்படவேயில்லை.

அவ்வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சென்ற நாம், அன்றுமுதல் ஒரு விடயத்தைக் கிராமக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். கர்ப்பகாலத்தில் திடீரெனக் கண் மங்கினால் அதைக் கண்ணின் நோயாகக் கருதக்கூடாது. அது உடல் முழுவதற்குமான ஓர் அபாய அறிவித்தல்.

இது ஏன் கண்ணில் தெரிகிறது? நமது உடலில் குருதிக் குழாய்களை வெட்டாமல், தோலை உரிக்காமல் நேரே பார்க்கக்கூடிய மிகச் சில இடங்களுள் ஒன்று கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரை. 1851இல் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள் நோக்கும் கருவியை அறிமுகப்படுத்திய பின்னரே வைத்தியர்களுக்கு அந்தச் சாளரம் திறந்தது. கர்ப்பிணியின் குருதி அமுக்கம் மிகையாக உயரும்போது விழித்திரையின் நுண்ணிய நாடிகள் இறுகி ஒடுங்குகின்றன. இதுவே அதிகமாகக் காணப்படும் மாற்றம். நிலைமை கடுமையானால் குழாய்களிலிருந்து குருதியும் நீரும் கசியும். சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கி, அது தன் இடத்தைவிட்டு விலகுவதும் உண்டு. வேறு சிலருக்குக் கண்ணில் குறையே இராது. மூளையின் பின்பகுதியில், பார்வையை உணரும் இடத்தில் வீக்கம் ஏற்பட்டுப் பார்வை மறையும்.

விழித்திரையில் நடப்பது அங்கு மட்டும் நடப்பதல்ல. சிறுநீரகத்திலும் ஈரலிலும் மூளையிலும் இதே தாக்கம் நிகழலாம். குழந்தைக்கு உணவும் ஒட்சிசனும் வழங்கும் சூல்வித்தகத்திலும் குருதியோட்டம் குன்றும். ஆகவே, கண்ணில் மின்மினி பறக்கும்போது வயிற்றிலுள்ள சிசுவும் ஆபத்தில் இருக்கக்கூடும்.

நல்ல செய்தியும் உண்டு. குழந்தை பிறந்து அமுக்கம் தணிந்தபின், பெரும்பாலான தாய்மாருக்குப் பார்வை சில வாரங்களில் சீராகிவிடுகிறது. நிலையான பாதிப்பு மிகச் சிலருக்கே. பார்வை இழப்பைவிட, அந்த அறிவித்தலை நாம் கேளாமல் விடுவதே பெரிய ஆபத்து.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "முதலில் கண் வைத்தியரிடம் காட்டுவோம்" என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால், கண் கிளினிக்குக்குத் திகதி எடுத்துக் காத்திருக்க இது நேரமல்ல. விழித்திரை சரியாகத் தோன்றினாலும் இந்நோய் இருக்கலாம். அதைக் கண்டறியக் கையில் கட்டும் அமுக்கமானியும் சிறுநீர்ப் பரிசோதனையுமே முதலில் வேண்டும். இருபது வாரங்களுக்குப் பின் அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்றால் கவனம் தேவை. 160/110ஐ எட்டினால் அது அவசர நிலை. கடும் தலையிடி, கண்மங்கல், மேல்வயிற்று நோவு, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றில் எதுவந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பிரசவ விடுதியுள்ள வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பிரசவத்தின் பின்னரும் சில வாரங்களுக்கு இவ்வவதானம் அவசியம்.

உப்பை முற்றாக நிறுத்தினால் போதும் என்று நம்புவோரும் உளர். உப்பைக் குறைப்பது இந்நோயைத் தடுக்கும் வழியல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் குளிசைகளைத் தவறாது எடுப்பது பயனுள்ளது. ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு வைத்தியர் சிறிய அளவில் அஸ்பிரினும் தருவார். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் நம் வைத்தியசாலைகளில் உண்டு. 2002இல் வெளியான, 33 நாடுகளில் பத்தாயிரம் வரையிலான பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, மக்னீசியம் சல்பேற்று வலிப்பு அபாயத்தைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று காட்டியது. மருந்து இருக்கிறது. தாய் அதனிடம் போய்ச் சேர வேண்டும்.

இதனாலேயே இதை வைத்தியத் துறையின் பிரச்சினையாக மட்டும் நாம் பார்க்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு இந்நாடு தாய்சேய் நலனில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடுதேடி வருகிறார். கிளினிக்கில் அமுக்கம் அளக்கப்படுகிறது. ஆனால் ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தத் தாயைக் கவனிப்பவர் யார்? மாமியார், கணவர், அயலவர். அபாய அறிகுறிகளை அறிய வேண்டியவர்கள் இவர்களே. அதிலும் கணவர்மார் அறியவேண்டும். ஏனெனில், பணமும் வாகனமும் தீர்மானமும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

"இப்படிச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துகிறீர்களே" என்று ஒரு பெரியவர் எம்மிடம் குறைபட்டார். அவர் கூற்றிலும் நியாயமுண்டு. கர்ப்பகாலக் களைப்பெல்லாம் நோயல்ல. கால் வீங்கும் எல்லோருக்கும் ஆபத்தில்லை. ஆயினும், அமுக்கம் அளக்கச் சில நிமிடங்களே செல்லும். அது சரியாக இருந்தால் நிம்மதியோடு வீடு திரும்பலாம். வீணாகப் போய்வந்த ஒரு பயணத்துக்காக எந்தத் தாயையும் யாரும் ஏளனம் செய்யக்கூடாது.

எமது ஆலோசனை எளிமையானது. ஒவ்வொரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் தன் கிராமத்துக் கர்ப்பிணித் தாய்மாரை அறிந்து வைத்திருக்கட்டும். இரவில் ஓடக்கூடிய வாகனம் எது, கூடப் போகிறவர் யார், மூத்த பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே பேசி முடிக்கட்டும். 2016இல் இரு மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் உண்டு. அதன் 1990 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கட்டும். ஆனைக்காட்டுப் பாதையால் அது வரத் தாமதமாகும் கிராமங்களில், பிரதான வீதிவரை தாயைக் கொண்டுசெல்லும் ஒழுங்கும் முன்கூட்டியே இருக்கட்டும்.

நெல் ஒருநாள் பிந்தி அரியப்படலாம். கண் மங்குகிறது என்று சொல்லும் தாயை மறுநாள்வரை காக்கவைக்க முடியாது.