பழைய லேப்டாப்பும் அப்பத்தா கதையும்



 

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் சுட்டிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அழுத கண்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பழைய மடிக்கணினி. அவளுடைய சித்தப்பா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அவர் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அது பல வருடங்களாகப் பீரோ மேலேயே கிடந்ததாம். கோடை விடுமுறையில்தான் கீழே இறக்கித் தூசி தட்டியிருக்கிறாள்.

“மாமா, இது சுத்த வேஸ்ட். ரெண்டு மணி நேரம் டைப் பண்ணினேன். கரண்ட் போச்சு. எல்லாம் போச்சு!” என்றாள்.

அவள் டைப் செய்தது பள்ளிக்கூட வீட்டுப்பாடம் அல்ல. அவளுடைய அப்பத்தா சொன்ன கதை. நல்லதங்காள் கதை போலப் புத்தகத்தில் கிடைக்கிற கதையும் இல்லை. அப்பத்தா சின்ன வயதில், கண்மாய் நிரம்பிய ஒரு ராத்திரியில், கரை உடைந்துவிடாமல் ஊரே கூடி மண் அள்ளிப் போட்ட கதை. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவள் தட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நடுவில் ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை.

“பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?” என்று கேட்டேன்.

“ஒரு நிமிஷம்கூட நிற்காது மாமா. பழசுல்ல!”

செல்லங்களே, இங்கேதான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேட்டரிக்கு வயதானது உண்மைதான். ஆனால், கதை காணாமல் போனதற்குக் காரணம் லேப்டாப் பழசு என்பதா? ‘சேமி’ என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை என்பதுதானே?

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அன்று வாங்கியவர்கள் இன்று அண்ணன்களாக, அக்காக்களாக, சித்தப்பா, சித்திகளாக வளர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணிலும் பீரோவிலும் தூங்குகின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதை எழுப்புவதற்கு முன், சில சின்னச் சின்ன வேலைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டர் நம் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பழையது பொறுக்காது. அதனாலேயே அது நல்ல வாத்தியார்!

முதலில், வெளியே பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா? தரையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள். வீங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. உடனே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். சார்ஜர் ஒயர் எங்காவது உரிந்திருந்தாலும் அப்படித்தான். ஈரக் கையோடு பிளக்கைத் தொடவே கூடாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா? இப்போது மேஜை மேலோ பலகை மேலோ வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். ஏன் தெரியுமா? லேப்டாப்பின் அடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே இருக்கும் குட்டி மின்விசிறி அந்த வழியாகத்தான் காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுகிறது. மெத்தையில் வைத்தால் அந்த மூக்கைப் பொத்தியதுபோல் ஆகிவிடும். சூடு ஏறினால் வேகம் குறையும். சில சமயம் தானாகவே அணைந்தும் போகும்.

ஆன் செய்ததும் பொறுமையாக இருங்கள். பழைய லேப்டாப் எழுந்து, சோம்பல் முறித்து, தயாராக இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் நான்கு இடத்தில் டக் டக்கென்று கிளிக் செய்தால், அது நான்கு வேலையையும் ஒன்றாகச் செய்யப் பார்த்துத் திணறும். ஒரு வேலை கொடுங்கள். முடிந்ததும் அடுத்ததைக் கொடுங்கள். தேவையில்லாத ஜன்னல்களை மூடிவிடுங்கள்.

அணைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பதும், பிளக்கைப் பிடுங்குவதும் தவறு. ‘ஷட் டவுன்’ கொடுத்துத்தான் அணைக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். அதன் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பலவும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றக்கூடியவை. அதாவது, நொடிக்கு 90 சுற்று! அந்தத் தட்டின் மேல், தலைமுடியின் தடிமனைவிட மிக மிகக் குறைந்த உயரத்தில், ஒரு சின்ன முனை மிதந்தபடி எழுதும், படிக்கும். அது எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தினால், பாதி எழுதிய பக்கத்தைக் கிழித்ததுபோல் ஆகும். ஓடும்போது தூக்கிப் போட்டாலோ தட்டினாலோ, முனை தட்டில் உரசிவிடக்கூடும். அப்புறம் அதில் இருக்கும் எதையும் மீட்பது கஷ்டம். ஆகவே, ஓடும் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அதுதான் சேமித்தல்.

நீங்கள் தட்டும் எழுத்துகள் முதலில் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். அது கரும்பலகை மாதிரி. கரண்ட் போனால் பலகை துடைக்கப்பட்டுவிடும். ஹார்டு டிஸ்க் நோட்டுப் புத்தகம் மாதிரி. கரண்ட் போனாலும் எழுதியது அப்படியே இருக்கும். பலகையில் இருப்பதை நோட்டில் எழுதி வைப்பதுதான் சேமித்தல். ‘கன்ட்ரோல்’ விசையைப் பிடித்துக்கொண்டு ‘எஸ்’ விசையைத் தட்டினால் போதும். ஒரு நொடி வேலை! சில மென்பொருள்கள் தானாகவே சேமித்துக்கொள்ளும். ஆனால், எல்லாம் அப்படி இல்லை. ஒரு பத்தி முடிந்ததா, சேமியுங்கள். யாராவது கூப்பிட்டு எழுந்து போகிறீர்களா, சேமியுங்கள். எழுதத் தொடங்கும் முன்பே பெயர் கொடுத்துச் சேமித்துவிடுவது இன்னும் நல்லது.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. ‘புதியது 1’, ‘புதியது 2’, ‘அஆஇஈ’ என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். அடுத்த வாரம் நீங்களே தேடித் திண்டாடுவீர்கள். ‘அறிவியல் - தாவரங்கள்’, ‘அப்பத்தா - கண்மாய்க் கதை’ என்று உள்ளே இருப்பதைச் சொல்லும் பெயராக வையுங்கள். சமையலறையில் அம்மா அஞ்சறைப் பெட்டி வைத்திருப்பதுபோல, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஃபோல்டர் போடுங்கள்.

ஏற்கெனவே அதில் இருக்கும் ஃபோல்டர்களைக் கேட்காமல் அழிக்காதீர்கள். நம் தெருச் சுட்டிப் பெண் இடம் போதவில்லை என்று, சித்தப்பாவின் கல்லூரிப் படங்களை அழிக்கப் போனாளாம். நல்லவேளை, போன் போட்டுக் கேட்டாள். அந்தப் படங்கள் அவரிடம் வேறெங்கும் இல்லை! தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால், திரையில் இருக்கும் குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால், பென் டிரைவில் அழித்தது பொதுவாக அந்தத் தொட்டிக்கு வராது.

முக்கியமான எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவையும் சட்டென்று பிடுங்காமல், ‘வெளியேற்று’ என்று கட்டளை கொடுத்த பிறகே எடுங்கள்.

தவறாக ஏதாவது செய்துவிட்டால் பயம் வேண்டாம். ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ தட்டினால், கடைசியாகச் செய்தது திரும்பிவிடும். ‘சி’ தட்டினால் நகல் எடுக்கும். ‘வி’ தட்டினால் வேண்டிய இடத்தில் ஒட்டும். இந்த வெட்டி ஒட்டும் முறையைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்ததில் பெரும் பங்கு லாரி டெஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு உண்டு. 1970களில் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் அவர் வேலை பார்த்தபோது இது உருவானது. அதற்கு முன் பத்திரிகை அலுவலகங்களில் நிஜமாகவே கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டிப் பசை தடவி ஒட்டுவார்கள். 2020-ல் டெஸ்லர் காலமானார். நாம் ஒவ்வொரு நாளும் அவருடைய உழைப்பைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் தட்டுவதற்கும் நல்ல வழி இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி, ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத வேண்டுமா? அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்! ஆங்கில எழுத்தில் நினைத்துத் தமிழில் எழுதத் தேவையில்லை. பழைய லேப்டாப்பில் இதற்குத் தனி மென்பொருள் போட வேண்டியிருக்கலாம். பெரியவர்களிடமோ ஆசிரியரிடமோ உதவி கேளுங்கள். பத்து நாள் பழகினால் விரல்கள் தானாக ஓடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பழைய லேப்டாப்பை இணையத்தில் இணைக்கும்போது கவனம் தேவை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச உதவியும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பூட்டு துருப்பிடித்த வீடு மாதிரி அது. அந்த லேப்டாப்பில் அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறப்பது, கடவுச்சொல்லைத் தட்டுவது எல்லாம் வேண்டாம். எழுதவும், கணக்குப் போடவும், படம் வரையவும், டைப்பிங் பழகவும் இணையம் தேவையே இல்லையே! விவரம் தெரிந்த பெரியவர் இருந்தால், பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ் மென்பொருளை இலவசமாகப் போட்டுத் தரச் சொல்லலாம். அதற்கு முன் உள்ளே இருக்கும் படங்களையும் ஃபைல்களையும் வேறு இடத்தில் நகல் எடுக்க மறந்துவிடாதீர்கள்.

சரி, நம் சுட்டிப் பெண் என்ன செய்தாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவை மறுபடி திண்ணையில் உட்கார வைத்தாள். முதலில் பெயர் கொடுத்துச் சேமித்தாள். பிறகு பத்திக்குப் பத்தி சேமித்தாள். கதை முழுதாக வந்துவிட்டது. ஆனால், முதல் தடவை அப்பத்தா ஒரு பாட்டுப் பாடினாராம். மண் சுமந்தவர்கள் அன்று ராத்திரி பாடிய பாட்டு. இரண்டாவது தடவை அதில் இரண்டு அடி அவருக்கு ஞாபகம் வரவில்லை. “வயசாச்சுல்ல கண்ணு, வந்தா சொல்றேன்” என்றாராம். அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள். இன்னும் வரவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் கதையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாராம். “நான் சொன்னதா இது!” என்று இரண்டு தடவை கேட்டாராம்.

செல்லங்களே, வீட்டில் புது லேப்டாப் இல்லையே என்று ஏங்காதீர்கள். பரணில் இருப்பதைப் பெரியவர்கள் அனுமதியோடு இறக்குங்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ சொல்லும் ஒரு கதையை எழுதுங்கள். எழுதும்போதே சேமியுங்கள். அந்த லேப்டாப் இனி ஓடவே ஓடாது என்று தெரிந்தால், குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது. மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உள்ளே யாருடைய நினைவு இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

இந்த வாரமே தொடங்குவீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்