பெண்கள் வாலிபால் லீக்: சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

பிரைம் வாலிபால் லீக் 2025 அக்டோபரில் ஐதராபாத்தில் நான்காவது சீசனையும் முடித்துவிட்டது. பத்து அணிகள் ஆடின. அவற்றில் பெண்கள் அணி ஒன்றுகூட இல்லை. 2019இல் நடந்த புரோ வாலிபால் லீக்கிலும் இதே கதைதான். அதன்பின் வந்த வழக்குகளும் கூட்டமைப்புச் சண்டைகளும் உறுப்பினர்கள் அறிந்தவை, மீண்டும் கிளறவில்லை. ஆனால், பெண்களுக்கு முதலில் சில காட்சிப் போட்டிகள் போதும் என்ற பேச்சு நம்மிடையேயே எழுந்துவிட்டது. ஆகவே செயற்குழு கூடி இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

1. நிலைப்பாடு

ஆண்களுக்கு லீக் நடத்துவோர் பெண்களுக்கும் லீக் நடத்த வேண்டும். ஏற்பாட்டாளர்களின் நிதி நெருக்கடியை உணர்கிறோம். இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்கியாக வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. எந்த ஆண்டு என்பதையாவது எழுத்தில் தர வேண்டும். "பார்க்கலாம்" என்ற பதில் இனி எங்களுக்குப் பதில் ஆகாது.

2. வயது

இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வாலிபால் ஆடும் பெண்ணுக்குப் பிழைப்பு என்றால் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். தேசிய அளவில் பெண்கள் ஆட்டத்தைப் பல காலமாகத் தாங்கிவருவது ரயில்வே. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் ரயில்வேயின் அந்தக் கோட்டாவில் சேர வயது 18 முதல் 25 வரை. தளர்வு கிடையாது. வேலை விளம்பரம் வராத ஆண்டும், முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்த ஆண்டும் அந்தக் கணக்கிலேயே கழிகின்றன.

25 தாண்டிய பையனுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் லீக் ஒப்பந்தம் என்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதே வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? "இன்னும் எத்தனை நாள் பந்து தட்டுவாய்?" என்ற வீட்டாரின் கேள்விதான். அவர் சொல்லக்கூடிய பதில் எதையும் இந்த ஆட்டத்தை நடத்துவோர் இதுவரை தரவில்லை. எதிரணி பிளாக் எந்தப் பக்கம் நகரும் என்று செட்டர் முன்கூட்டியே படிக்கத் தொடங்கும் வயதில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். பிறகு, ஆசியப் போட்டிகளில் நம் பெண்கள் அணி ஏன் தடுமாறுகிறது என்று கருத்தரங்கும் நடத்துகிறோம்!

தென்கொரிய வாலிபால் வீராங்கனை கிம் யோன்-கோங் 2025இல், 37 வயதில், சாம்பியன் கோப்பையோடு ஓய்வு பெற்றார். ஜப்பான், துருக்கி, சீனா என்று அவர் ஆடிய நாடுகள் எல்லாவற்றிலும் பெண்களுக்கு லீக் இருந்தது. நம் ஊரில் பிறந்திருந்தால் அவர் ஆட்டம் எந்த வயதில் முடிந்திருக்கும் என்பதை உறுப்பினர்களே சொல்லலாம்.

3. பார்வையாளர்கள் வரமாட்டார்கள் என்ற வாதம்

இந்த வாதம் மற்றவர்களைத் தடுக்கவில்லை. 2005இல் தொடங்கிய கொரிய வாலிபால் லீக் ஆண், பெண் இருபாலருக்குமாகவே தொடங்கியது. இங்கே கிரிக்கெட்டில் பெண்கள் லீக் 2023இல் வந்தது. ஹாக்கியில் 2025 ஜனவரியில், நான்கே அணிகளோடு வந்தது. வாலிபாலுக்கு இன்னும் முகூர்த்தம் கூடவில்லையாம்.

4. சம்பளம்

லீக் வந்தாலே நீதி வந்துவிடாது. கொரியாவில் 2018இல் ஆண்கள் அணிக்குச் சம்பள உச்சவரம்பு 250 கோடி வொன், பெண்கள் அணிக்கு 140 கோடி வொன். கிம் அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். சம ஊதியம் குறித்துச் செயற்குழுவில் இரு கருத்துகள் இருந்தன. குறைந்தபட்ச ஊதியத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதில் ஒருமித்தோம்.

5. பிற

கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. காயத்துக்குக் காப்பீடு வேண்டும். பயணத்திலும் தங்குமிடத்திலும் பாதுகாப்பு வேண்டும்.

6. காட்சிப் போட்டிகள்

2016இல் கபடியில் பெண்களுக்கு மூன்று அணிகளோடு ஒரு போட்டி நடத்தினார்கள். அடுத்த ஆண்டே அது காணாமல் போனது. ஆகவே, லீக் தொடங்கும் ஆண்டை அறிவிக்காமல் நடத்தும் எந்தக் காட்சிப் போட்டிக்கும் சங்கம் தன் பெயரையோ ஆதரவையோ தராது. அழைப்பை ஏற்று ஆடச் செல்லும் வீராங்கனையைச் சங்கம் தடுக்காது, குறையும் சொல்லாது. அவருக்கு அந்த ஆட்டப்பணம் தேவை. ஆனால் அந்தத் தேவையைக் காட்டி எங்கள் வாயை அடைத்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

— செயற்குழு