கடைசி பஸ்ஸை விட்டவருக்கு ஓர் இடம்

விமானத்தில் போகிறவர்கள் இதை 'லேஓவர்' என்கிறார்கள். கேட்கவே கௌரவமாக இருக்கிறது இல்லையா? பஸ்ஸில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடையாது. "நடுவழியில மாட்டிக்கிட்டேன்" என்பதோடு சரி. வார்த்தை இல்லாவிட்டால் போகிறது. அந்த ராத்திரியைக் கழிக்க இடமும் இல்லை என்பதுதான் விஷயம்.

நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகிற பஸ்கள் பல ஆர்ச் கேட்டில் ஆளை இறக்கிவிட்டு நேராகப் போய்விடும். உள்ளே டவுன்ஷிப், அதைத் தாண்டி மந்தாரக்குப்பம், அப்புறம் விருத்தாசலம் சாலை. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போக வேண்டியவர் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினால் ஒரு கவலையும் இல்லை. ராத்திரி பன்னிரண்டரைக்கு இறங்கினால்? ஊருக்குப் போகிற பஸ் இனி விடிந்தால்தான். ஆட்டோவுக்குக் கேட்கிற காசில் சென்னைக்கே திரும்பிப் போய்விடலாம். லாட்ஜ் என்றால் நாலு மணி நேரத்துக்கும் ஒரு நாள் வாடகை, கூடவே அடையாள அட்டை. தனியாக வந்த பெண் என்றால் மேலும் கீழும் பார்த்துவிட்டு "ரூம் இல்லம்மா" என்று சொல்கிற லாட்ஜ்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இல்லை?

"நேரத்தோடு கிளம்ப வேண்டியதுதானே" என்பார்கள். கிளம்பினவர்களும்தான் மாட்டுகிறார்கள். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலை எத்தனை வருஷம் இழுத்தது என்று அந்த வழியில் போய் வந்தவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளேயே நள்ளிரவில் பஸ் இல்லை என்று பயணிகள் அங்கே மறியல் செய்தார்கள். அதற்கு முன்பு, 2023 ஜூலை கடைசியில், வளையமாதேவியில் வயலில் நின்ற நெற்பயிருக்குள் சுரங்கத்துக்காக இயந்திரம் இறங்கியபோது, போராட்டத்தில் பஸ்கள் மீது கல் விழுந்து ராத்திரிப் போக்குவரத்தே தடைப்பட்டது. இதில் எதுவும் பயணியின் சோம்பேறித்தனம் அல்லவே.

வேடிக்கை என்னவென்றால், நெய்வேலி ராத்திரியில் தூங்குகிற ஊரே இல்லை. மூன்று ஷிப்ட். சுரங்கத்தில் வெட்டுகிற சக்கரம் நள்ளிரவிலும் சுற்றுகிறது. 1956-ல் கம்பெனி, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு காகிதத்தில் கோடு போட்டுக் கட்டின ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலை, மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். குவார்ட்டர்ஸ் இருப்பவருக்கு வீடு, ஆபீஸ் வேலையாக வந்தவருக்கு கெஸ்ட் ஹவுஸ். ஒரு வேலையும் இல்லாமல், பஸ்ஸை விட்டதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் ராத்திரி நிற்பார் என்பது திட்டம் போட்டவர்களின் நினைப்பில் வந்த மாதிரி தெரியவில்லை. நெய்வேலியை மட்டும் குறை சொல்வதற்கில்லை, நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகள் எல்லாமே பஸ்ஸுக்காகக் கட்டினவைதான். இருந்தாலும், திட்டமிட்டே கட்டின ஊர் என்பதால் நெய்வேலியிடம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கலாம்.

அதுவும் பக்கத்திலேயே வடலூரை வைத்துக்கொண்டு! ஆர்ச் கேட்டிலிருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. 1867 மே மாதம் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டின அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். பசித்தவனுக்குத் தகுதி பசி மட்டுமே என்கிற ஏற்பாடு அது. தங்குவதற்கும் அதே மாதிரி ஓர் ஏற்பாடு யோசிக்க முடியாதா?

யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகிற பாதையில் தன் முன்னோர்கள் கட்டின சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று கேட்கிற கடிதம். அங்கே என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசி, குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், வழியில் பிரசவமாகிவிட்ட பெண்ணுக்குக் கவனிப்பு, இறந்து போனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு. இதையெல்லாம் விட ஒரு விஷயம். நள்ளிரவில் மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிட்டுச் சொல்வார்களாம்! நேரம் தப்பி வருகிற ஒருவன் இருந்தே தீருவான் என்று எதிர்பார்த்து, அவனுக்காக அடித்த மணி அது. இன்று 'மேலாண்மை' என்று தனிப் பாடமாக நடத்துகிறார்களே, அதில் இந்த மணியையும் சேர்க்கலாம்.

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம். பல சத்திரங்களில் சிலருக்கு உள்ளே பந்தி, சிலருக்கு வெளித் திண்ணை. சில சத்திரங்கள் ஒரு சாதிக்கு மட்டுமே. அந்த அழுக்கை அப்படியே விட்டுவிட்டு மணியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

நம் மக்களுக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர். சுற்றிலும் வெள்ளம். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது, கோயிலில் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று கனடாவின் கேண்டர் என்கிற சின்ன ஊரில் 38 விமானங்கள் இறங்கின. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். ஊரில் இருந்ததே பத்தாயிரம் பேர்தான். பள்ளிக்கூடம், சர்ச், வீடு எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் 800 பேர் ஒன்றாக மாட்டும்போது. செய்தி வருகிறது, ஹெலிகாப்டர் வருகிறது. ஒரே ஒருவர் மாட்டினால்? தினமும் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர், ஐந்து பேர் என்று மாட்டுகிறார்களே, அவர்களுக்கு எந்த மனசும் திறப்பதில்லை. காரணம், அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். பெண்கள் அதிகம் பயணம் போகிறார்கள். அதில் ஒரு பெண் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் எங்கே உட்காருவார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

விமானப் பயணிக்கு விஷயம் வேறு. விமானம் ரொம்பத் தாமதமானால் சாப்பாடு, சில சந்தர்ப்பங்களில் ஓட்டல் அறை என்று இந்தியாவில் 2010-லிருந்தே விதி இருக்கிறது. ரயில் பயணிக்குப் பெரிய ஸ்டேஷன்களிலாவது ஓய்வறை உண்டு, கையில் டிக்கெட் இருந்தால். டிக்கெட் விலை குறையக் குறைய மரியாதையும் குறைகிறது. பஸ் பயணிக்குக் கொசுக்கடி.

என்ன செலவாகிவிடும்? ஒரு ஹால். நல்ல வெளிச்சம். பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடுகிற தனி அறை. சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், செல்போன் சார்ஜ் போட நாலு பிளக். ராத்திரிக்கு இரண்டு பேர் சம்பளம். கம்பெனிகள் சட்டம், 2013, பிரிவு 135-ன்படி, லாபத்தில் வருகிற பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்கிற ஏழாவது அட்டவணையில் சுகாதாரமும் இருக்கிறது, பெண்களுக்கான விடுதியும் இருக்கிறது. நவரத்னா கம்பெனி ஒன்று ஊரிலேயே உட்கார்ந்திருக்கும்போது ஆர்ச் கேட்டில் ஒரு ஹாலுக்குப் பணமில்லை என்றால் நம்புவதற்கில்லை.

குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள், அசிங்கப்படுத்துவார்கள் என்று ஓர் ஆட்சேபம் வரும். வரத்தான் செய்யும், நியாயமும்கூட. இலவசம் என்று வைக்காமல் இருபது ரூபாய் வாங்கலாம், காலை ஆறு மணிக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்று வைக்கலாம், பக்கத்திலேயே போலீஸ் பூத் போடலாம். நம் ஊரில் கட்டணக் கழிப்பறை ஏலம் எடுக்கவே போட்டி நடக்கிறது, இதை நடத்த ஆள் கிடைக்காமலா போய்விடும்? ஆனால் அந்த இருபது ரூபாயும் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் அவரை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு வரியை ஏலப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அடையாள அட்டை கேட்கலாமா என்பதில்தான் சிக்கல். பர்ஸைத் தொலைத்துவிட்டு நிற்பவரிடம் அதுவும் இருக்காது. பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டால் போதும்.