கிணற்றடியை முதலில் தேடுவோம்

மாணவர்களே, இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா நம் பீன்யாவின் தொழிற்கொட்டகைகளில் உருவாகி, 1975இல் விண் சென்றது. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யானும் பீன்யாவின் ‘லியோஸ்’ ஆய்வகம் செய்த ஒளிமானி ஒன்றைச் சுமந்து சென்றது. அதன் எடை 1.97 கிலோ. உங்கள் புத்தகப்பை இதனினும் கனமாக இருக்கும்!

இத்துணைச் சிறு கருவியால் என்ன பயன் என்பார் உளர். செவ்வாயின் மேல் வளிமண்டலத்தில் சாதாரண ஹைட்ரஜனும் கனமான டியூட்டீரியமும் எவ்விகிதத்தில் உள்ளன என அளப்பதே அதன் பணி. நீர் சிதையும்போது இலேசான ஹைட்ரஜன் எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடும். கனமானது பெரிதும் தங்கிவிடும். ஆகவே அவ்விகிதம் அக்கோள் இழந்த நீருக்குக் கணக்குச் சொல்லும்.

உடன் சென்ற மற்றொரு கருவி மீத்தேனைத் தேடியது. மீத்தேனைச் சில நுண்ணுயிர்கள் வெளியிடும். பாறையும் நீரும் வினைபுரிந்தாலும் அது தோன்றும். எனவே மீத்தேன் கிடைத்தவுடன் ‘உயிர் உண்டு’ என முழங்குதல் பொருந்தாது என்பேன். நீர் இருந்த காலத்தையும் போன வழியையும் அறிதலே முதற்பணி. அழிந்த ஊரைத் தேடுவோர் கிணற்றடியைத் தேடுவதும் இதனாலன்றோ?